டிராம்போலின்ல ரெண்டு பேர் குதிச்சா சின்னவன் ஏன் பறக்குறான்?

டிராம்போலின்னாலே, அதாவது சுத்தி ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டின மேட்ல ஏறிக் குதிக்கிறதுன்னாலே, பிள்ளை வெளிய விழுந்துடுமோன்னு தான் பயம், அதனால சுத்தி நெட் கட்டிட்டு நிம்மதியா இருந்துடுறோம். ஆனா அமெரிக்காவுல குழந்தை டாக்டருங்களோட அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸோட 2012 அறிக்கைய பாத்தீங்கன்னா, அடிபட்டதுல கிட்டத்தட்ட முக்கால்வாசி ஒரே நேரத்துல ஒருத்தருக்கு மேல குதிச்சப்போ நடந்தது. அதுலயும் மாட்டுறது பெரும்பாலும் எடை கம்மியா இருக்குற பிள்ளைதான்.

நாம மேட்ல இறங்குறப்போ சுத்தி இருக்குற ஸ்பிரிங் நீண்டு அந்த வேகத்த ஆற்றலா வாங்கி வெச்சுக்குது, சுருங்குறப்போ திருப்பித் தருது. தனியா குதிச்சா நம்ம போட்டது நமக்கே வரும், ரெண்டு பேர் இருந்தா யார் போட்டதுன்னெல்லாம் மேட் கணக்கு பாக்காது. 60 கிலோ அப்பா அரை மீட்டர் உயரத்துல இருந்து இறங்குறாருன்னா சுமார் 300 ஜூல் ஆற்றல், மேட் மேல எழும்புற நேரத்துல அதுல பாதி 20 கிலோ பையன்கிட்ட போனாலே அவன் முக்கால் மீட்டர் எகிறுவான், அதுவும் காலால உந்தாமலே. அவனா குதிக்காததால உடம்பு தயாரா இருக்காது, காத்துல சாஞ்சு கையோ கழுத்தோ முதல்ல படுற மாதிரி வந்து விழுவான்.

இதவிட மோசம் ஒண்ணு இருக்கு. பையன் கீழ வர்றான், மேட் மேல வருது, ரெண்டும் எதிரெதிரா மோதுது. அந்த நொடியில மேட் மெத்துன்னு இருக்காது, கெட்டித் தரை மாதிரி அடிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு முட்டிக்குக் கொஞ்சம் கீழ எலும்புல விரிசல் விடுறது இப்படித்தான், டாக்டருங்க டிராம்போலின் ஃப்ராக்சர்னே சொல்றாங்க. எக்ஸ்ரேல கூட முதல்ல சரியா தெரியாம போகலாம், அதனால குதிச்சதுக்கப்புறம் பிள்ளை கால ஊன மாட்டேன்னு அழுதா வீக்கம் இல்லையேன்னு விட்டுடாதீங்க.

அந்த அறிக்கை தந்த டாக்டருங்க வீட்ல டிராம்போலினே வேண்டாம்னு தான் சொல்றாங்க. வாங்கியாச்சுன்னா ஒரு நேரத்துக்கு ஒருத்தர், குட்டிக்கரணம் கூடவே கூடாது, 6 வயசுக்குள்ள இருக்குறவங்கள பெரிய டிராம்போலின்ல விடாதீங்க. நெட், ஸ்பிரிங்க மூடுற பேட் எல்லாம் இருக்கட்டும், ஆனா வெயில்ல பேட் இத்துப்போய் ஸ்பிரிங் வெளிய தெரியுதான்னு அப்பப்போ பாருங்க. பெரியவங்க பாத்துக்கிட்டு இருந்தப்போவே நிறைய அடிபட்டிருக்கு, சும்மா பக்கத்துல உக்காந்து போன் நோண்டிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல, ரெண்டாவது ஆள் ஏறுறப்போ இறக்கி விடணும். ஆட்டம் முடிஞ்சதும் ஏணிய எடுத்து உள்ள வெச்சிடுங்க.