சிற்றகலச் சுருளில் முழுநீளப் படம்

கேஜ் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ரயில் பாதையில் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். தகட்டின் தடிமனையும் கேஜ் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஆனால் பழைய திரைப்படங்களைச் சுருளாகவே வாங்கிச் சேர்ப்பவர்கள் 'ஸ்மால் கேஜ் ஃபீச்சர்' என்று சொல்லும்போது, அந்த கேஜ் படச்சுருளின் அகலம். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

சொல் ஆங்கிலத்துக்குப் பழைய வட பிரெஞ்சு வழக்கிலிருந்து வந்தது. அளவுகோல் என்பது அதன் பழைய பொருள். பீப்பாய்க்குள் கோலை விட்டு, எவ்வளவு கொள்ளும் என்று பார்த்த காலத்துச் சொல் அது. பிறகு கோலின் பெயர் அளவுக்கும், அளவிலிருந்து 'இதுதான் வரையறுத்த அளவு' என்ற பொருளுக்கும் நகர்ந்தது. படச்சுருளுக்கு வந்தது இந்தக் கடைசிப் பொருள்தான்.

திரையரங்கில் நெடுங்காலம் ஓடியது 35 மி.மீ. சுருள். அதைவிடக் குறுகிய எல்லாமே ஸ்மால் கேஜ்தான். இவை பிறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் தீ. அந்தக் காலத்து 35 மி.மீ. சுருள் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. அதை வீட்டுக்குள் விட முடியாது. எனவே வீட்டுக்கென்று எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் சுருளைக் கொண்டுவந்தார்கள். 1922-ல் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. சுருளையும், 1923-ல் கோடக் 16 மி.மீ. சுருளையும் வெளியிட்டன. 16 என்ற எண்ணில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 35-ஐ நடுவில் பிளந்தால் 17.5 வரும். 16 என்று வைத்துவிட்டால், நைட்ரேட் சுருளை இரண்டாகக் கிழித்து வீட்டு புரொஜெக்டரில் மாட்ட வழியில்லை. 1932-ல் 8 மி.மீ., 1965-ல் அதே அகலத்தில் விளிம்புத் துளையைச் சிறிதாக்கிப் படத்தைப் பெரிதாக்கிய சூப்பர் 8.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைப் புரட்டினால் கேஜுக்கு 'மானி' கிடைக்கும். மழைமானிக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது, ஏனென்றால் சுருள் எதையும் அளப்பதில்லை. வழி ஏற்கனவே ரயில்வேயில் கிடக்கிறது. பிராட் கேஜை நாம் அகலப்பாதை என்றோம். கேஜ் என்ற சொல்லைப் பிடித்துத் தொங்காமல், அது எதைக் குறிக்கிறதோ அந்த அகலத்தையே பெயராக்கினோம். அதே முறையில் ஸ்மால் கேஜ் என்பது சிற்றகலம். சிறு, அகலம் இரண்டும் சேர்ந்தால் சிற்றகலம், சிற்றோடை மாதிரி. சிற்றகலச் சுருள், சிற்றகலப் பிரதி என்றெல்லாம் தடையில்லாமல் வரும்.

இரண்டு சொற்களை மட்டும் தவிர்க்க வேண்டும் என்பேன். ஒன்று, 'குறும்படச் சுருள்'. குறும்படம் ஓடும் நேரத்தைச் சொல்கிறது, அகலத்தை அல்ல. சிற்றகலச் சுருளில் இரண்டு மணி நேரப் படமும் இருக்கலாம். இன்னொன்று, 'தரங்குறைந்த சுருள்'. ஆங்கிலத்திலேயே முன்பு இவற்றை 'சப்ஸ்டாண்டர்ட்' என்று சொன்னதுண்டு. அங்கே ஸ்டாண்டர்ட் என்பது 35 மி.மீ. என்ற பொது அளவு மட்டுமே. நல்ல மூலத்திலிருந்து எடுத்த 16 மி.மீ. பிரதியைத் திரையில் பார்த்தவர் யாரும் அதைத் தரங்குறைந்தது என்று சொல்ல மாட்டார்.

அடுத்த பாதி, 'ஃபீச்சர்'. நிகழ்ச்சி நிரலில் முதன்மையாக விளம்பரம் செய்யப்பட்ட படம் என்பதால் வந்த பெயர் அது. தமிழில் முழுநீளப் படம் என்று நிலைத்துவிட்டது. நல்ல சொல்தான். ஆனால் சிற்றகலச் சுருளுக்கு வரும்போது அந்த 'நீள'த்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 100 நிமிடப் படம் 35 மி.மீ. சுருளில் 9,000 அடி. 16 மி.மீ. சுருளில் 3,600 அடி. சூப்பர் 8-ல் 2,000 அடிதான். ஒவ்வொரு படமும் பதிந்திருக்கும் கட்டம் சிறிதாகச் சிறிதாக அடிக்கணக்கும் சுருங்கும்; ஒரு காட்சிகூடக் குறையாது. ஆக முழுநீளம் என்பது இங்கே படத்தின் முழு நேரம். 400 அடிச் சுருள் 20 நிமிடம் ஓடும் என்பதால், அந்த 100 நிமிடப் படம் ஐந்து சுருளாகக் கைக்கு வரும்.

முழுநீளம் என்ற அடைமொழியைச் சேகரிப்பவர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீடியோ கேசட் வருவதற்கு முன்பு கடைகளில் அதிகம் விற்றவை சுருக்கப் பதிப்புகள். ஒரு பெரிய படத்தைக் கத்தரித்து 200 அடிக்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள் அடக்கிவிடுவார்கள். பெட்டியின் மேல் படத்தின் பெயர் இருக்கும். உள்ளே அதன் சில காட்சிகள் மட்டும் இருக்கும். முழுப் படத்தை வெளியிட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாவென்போர்ட்டிலிருந்த பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் மௌனப் படங்களை முழுதாகத் தந்தது. இங்கிலாந்தின் டட்லியிலிருந்த டெரான் நிறுவனம் டிஸ்னியின் முழுநீளக் கார்ட்டூன் படங்களையே சூப்பர் 8-ல் வெளியிட்டது.

சுருக்கப் பதிப்பையும் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சு இயக்குநர் ஏபல் கான்ஸ் 1927-ல் எடுத்த 'நெப்போலியன்' சிதறிப்போயிருந்தது. அதன் 9.5 மி.மீ. சுருக்கப் பதிப்பின் சுருள்கள் பின்னாளில் திரைப்பட வரலாற்றாசிரியரான, அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்த கெவின் பிரவுன்லோவின் கையில் கிடைத்தன. மிச்சம் எங்கே என்று தேடத் தொடங்கியவர் பல பத்தாண்டுகள் விடவில்லை. அவர் மீட்டெடுத்த வடிவம் 1980-ல் லண்டனில் நேரடி இசையோடு திரையேறியது. சிற்றகலச் சுருள் விளையாட்டுச் சாமான் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரு 8 மி.மீ. துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை கட்டத்தின் நடுமட்டத்தில் இருந்தால் சூப்பர் 8. இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள கோட்டின் மட்டத்தில் இருந்தால் 1932-ல் வந்த பழைய 8 மி.மீ., அதாவது ஸ்டாண்டர்ட் 8. விளிம்பில் பழுப்பாக ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது ஒலிக்கான காந்தப் பட்டை. சூப்பர் 8-ல் ஒலி அதற்குரிய படத்துக்கு 18 கட்டம் முன்னால் பதிந்திருக்கும். அதனால்தான் ஒட்டுப்போட்ட இடத்தில் முதலில் படம் குதிக்கிறது, முக்கால் நொடி கழித்து ஒலி குதிக்கிறது.

நிறத்தையும் பாருங்கள். 1980-களுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் (கோடக்கின் வண்ணச் சுருள்) பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, வானமும் முகமும் ஒரே இளஞ்சிவப்பாகிவிடும். அப்புறம் மோப்பம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருளை மற்றவற்றோடு வைக்கக் கூடாது, ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

விற்பனைக் குறிப்பு எழுதும்போது 'சிற்றகல முழுநீளப் பிரதி, சூப்பர் 8, ஒலியுடன், ஐந்து சுருள்' என்று எழுதினால் வாங்குபவருக்கு எல்லாம் புரிந்துவிடும். சூப்பர் 8, ஸ்டாண்டர்ட் 8 இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டாம். அவை வகைப் பெயர்கள், அப்படியே தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.