சிக்னல் இல்லாத போனுக்கு அந்த ஆறு இலக்கம் எப்படித் தெரிகிறது?

ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “அலுவலக மெயிலுக்குள் போக, பாஸ்வேர்டோடு ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கிறார்கள். விமானத்தில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்ட பிறகும் அந்த எண் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. சிக்னலே இல்லாத போனுக்கு சர்வர் எப்படி சார் அனுப்புகிறது?”

சர்வர் எதையும் அனுப்பவில்லை.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி வேறு ரகம். அதை சர்வர் தயாரித்து அனுப்புகிறது. அதை வழியில் பறிக்கலாம். தொலைபேசி நிறுவனத்து ஆளை ஏமாற்றி, உங்கள் எண்ணுக்கு இன்னொரு சிம் வாங்கியும் பறிக்கலாம். ஆப்பில் தெரியும் எண்ணை உங்கள் போனே கணக்குப் போட்டு வரவழைக்கிறது. அங்கே சர்வரும் தன் பாட்டுக்கு அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கிறது.

இருவருக்கும் ஒரே விடை வர வேண்டுமானால் இரண்டு விஷயம் பொதுவாக இருக்க வேண்டும். முதலாவது, ஒரு ரகசியம். ஆப்பை நிறுவிய அன்று ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்களே, அதற்குள் இருந்த நீளமான, தாறுமாறான எண்தான் அது. அது இடம் மாறியது அந்த ஒரே தடவைதான். இரண்டாவது, நேரம். கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்று கணினிகள் எண்ணிக்கொண்டே வருகின்றன. அதை 30 ஆல் வகுத்து மீதியைத் தள்ளினால், அரை நிமிடத்துக்கு ஒன்று கூடும் ஓர் எண் கிடைக்கும்.

ரகசியத்தையும் இந்த நேர எண்ணையும் ஹெச்மேக் என்ற கணக்கில் சேர்த்துக் கலக்குகிறார்கள். அது ஒருவழிப் பாதை. விடையைப் பார்த்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) மாறினாலும் வெளியே ஏறக்குறைய பாதி பிட்கள் புரண்டுவிடும். வெளியே வருவது 0 முதல் 255 வரையிலான இருபது எண்கள்.

சரி, இருபது எண்களை மனிதர் யாரும் தட்டச்சு செய்யப் போவதில்லை. இதை ஆறு இலக்கமாக வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? என்னைக் கவர்ந்த இடம் இதுதான். 2005 இல் வெளியான ஆர்எஃப்சி 4226 என்ற பொது ஆவணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹெச்மேக் இப்படி வந்ததாம்:

31, 134, 152, 105, 14, 2, 202, 22, 97, 133, 80, 239, 127, 25, 218, 142, 148, 91, 85, 90

கடைசி எண்ணைப் பாருங்கள்: 90. அதை 16 ஆல் வகுத்தால் மீதி 10. ஆக, முதல் பத்து எண்களைத் தாண்டி அடுத்த நான்கை எடு என்று அர்த்தம்: 80, 239, 127, 25. அதாவது, தன்னை எங்கே வெட்ட வேண்டும் என்பதை இந்த எண்வரிசையே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு அரை நிமிடமும் வெட்டும் இடமும் மாறலாம். மீதி அதிகபட்சம் 15 தான் வரும் என்பதால், பதினைந்தைத் தாண்டி நான்கை எடுத்தாலும் பத்தொன்பதாவதோடு முடிந்துவிடும். வழிகாட்டிய இருபதாவது எண் ஒருபோதும் வெட்டில் சிக்காது. யாரோ உட்கார்ந்து யோசித்து இழைத்திருக்கிறார்கள்!

மிச்சம் பள்ளிக் கணக்கு. நான்கையும் 256 இன் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டினால் (80×256³ + 239×256² + 127×256 + 25) 1357872921. (முதல் எண் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதலில் 128 ஐக் கழித்துவிடுவார்கள். சில கணினிகள் அதைக் குறை எண்ணாகப் படித்துவிடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை.) கடைசி ஆறு இலக்கம் 872921. அதுதான் திரையில் தெரியும். அந்த ஆவணத்தில் நேரத்துக்குப் பதில், ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் வெறும் எண்ணிக்கைதான் இருந்தது. 2011 இல் ஆர்எஃப்சி 6238 அங்கே கடிகாரத்தைப் பொருத்தியது.

இந்தக் கணக்கு முழுவதும் ஊரறிய எழுதி வைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ என்று பெட்டியில் அச்சடித்து விற்பவர்களைவிட, செய்முறையைத் திறந்து காட்டிவிட்டு “உடைத்துப் பாருங்கள்” என்பவர்களையே நான் நம்புவேன். இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் சடங்கு பல அலுவலகங்களில் இன்னும் நடக்கிறது. ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பழையதன் கடைசியில் 1 ஐ எடுத்துவிட்டு 2 போடுகிறார்கள். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 லேயே எழுதிவிட்டது.

ஆறு இலக்கம் கவசம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மெயிலின் நுழைவுப் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கத்தைக் காட்டி, நீங்கள் அடிக்கும் எண்ணை அந்த அரை நிமிடத்துக்குள் உண்மையான பக்கத்தில் போட்டுவிடும் திருடர்கள் இருக்கிறார்கள். எண்ணுக்குத் தன்னை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. பாஸ்கீ என்ற புதிய முறைக்குத் தெரியும். அது தளத்தின் பெயரோடு கட்டப்பட்டது, போலித் தளத்துக்குப் பதிலே சொல்லாது. தவிர, அதன் ரகசியம் சர்வரிடம் இருக்காது. ஆறு இலக்க முறையில் ரகசியம் இரண்டு பக்கமும் இருந்தே ஆக வேண்டும். 2011 இல் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், இதேபோல் மாறும் எண்ணைக் காட்டும் அதன் செக்யூர்ஐடி கருவிகள் தொடர்பான தகவல்களை அள்ளிக்கொண்டு போனதும், அந்த நிறுவனம் கருவிகளை மாற்றித் தர முன்வர வேண்டியதாயிற்று.

வாசகியின் அலுவலகத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. நான்கு பேர் பயன்படுத்தும் பொது மெயில் என்று வைத்துக்கொள்வோம். கியூஆர் கோடை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பியிருப்பார். அந்தப் படம் எங்கெல்லாம் கிடக்கிறதோ அங்கெல்லாம் ரகசியமும் கிடக்கிறது. நால்வரில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவார்கள். அவருடைய போன் சரியான ஆறு இலக்கத்தைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். பழைய இணைப்பை நீக்கிப் புதிய கியூஆர் எடுத்தால்தான் அது செல்லாமல் போகும்.

அப்புறம், போன் தொலைந்தால்? இதில் எனக்கே அடிபட்ட அனுபவம் உண்டு. புதிய போன் வாங்கிய உற்சாகத்தில், ஆப்பிலிருந்த கணக்குகளை மாற்றாமலேயே பழைய போனை ரீசெட் செய்துவிட்டேன். ரகசியம் போனிலேயே இருப்பது எவ்வளவு நல்லதோ அவ்வளவு கெட்டது. மூன்று நாள் என் மெயிலுக்குள் நானே போக முடியவில்லை. நான்தான் நான் என்று நிரூபிக்க படிவம் படிவமாக நிரப்பினேன்.

கணக்கைத் திரும்பப் பெற்ற அன்று செய்த முதல் வேலை, அந்தச் சேவை தரும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்தது. பத்துக் குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதம் பீரோவில் இருக்கிறது. இதுவரை இரண்டைப் பயன்படுத்திக் கோடு போட்டு அடித்திருக்கிறேன்.