தங்கக் கட்டிக்கு ஒரு மிடறு தண்ணீர்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கு, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதையைப் போட்டுக் காட்டுவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தனிக்கதை என்று ஓடிய 'தி ட்விலைட் ஸோன்' தொடரில், 1961 ஏப்ரல் 21 அன்று ஒளிபரப்பான 'தி ரிப் வான் விங்கிள் கேப்பர்' என்ற பகுதி அது. அந்தத் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் எழுதியது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கறுப்பு வெள்ளைப் படம். கடைசி நொடியில் வரும் திருப்பத்துக்காகவே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் காட்டுவது அந்தத் திருப்பத்துக்கு முன்னால் வரும் பாலைவன நடைக்காக. முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத வழியில்லை என்பதால், கதையைப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

கதை எளியது. அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கு இருக்கும் ஃபோர்ட் நாக்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயிலில் சென்ற பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை நால்வர் கொள்ளையடித்து, கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், அதாவது மரணப் பள்ளத்தாக்கில், உள்ள ஒரு குகைக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அவர்களுள் ஃபார்வெல் என்பவர் வேதியியலாளர். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நூறாண்டுகள் தூங்கி எழுந்தால் கொள்ளையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய திட்டம். மற்ற கதைகளில் ஆள்கள் புதையலைத் தேடிப் போவார்கள். இவர்கள் புதையலோடு தாங்களும் புதைந்துகொள்கிறார்கள். விழிக்கும்போது ஒருவர் பாறை விழுந்து பெட்டி உடைந்ததில் எப்போதோ எலும்புக்கூடாகிவிட்டிருக்கிறார். புரூக்ஸ் என்பவரை டி குரூஸ் என்ற இன்னொரு கூட்டாளி வண்டியை ஏற்றிக் கொல்கிறார், வண்டியும் போய்விடுகிறது. எஞ்சிய இருவர் தங்கத்தை முதுகில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையைத் தேடி நடக்கத் தொடங்குகிறார்கள். என் பாடம் தொடங்குவதும் இங்கேதான்.

முதலில் சுமையைக் கணக்கிடச் சொல்வேன். 1961இல் அமெரிக்க அரசின் தங்க விலை ஒரு ட்ராய் அவுன்சுக்கு, அதாவது சுமார் 31 கிராமுக்கு, 35 டாலர். அந்த விலையில் பத்து லட்சம் டாலர் தங்கம் கிட்டத்தட்ட 890 கிலோ. அரசுக் கருவூலங்களில் அடுக்கியிருக்கும் 400 அவுன்ஸ் கட்டி ஒன்று சுமார் 12.4 கிலோ, அப்படி இரண்டு கட்டிகளைச் சுமப்பது அரை மூட்டை சிமெண்டைச் சுமப்பதற்குச் சமம். திரையில் நடிகர்கள் கட்டிகளைத் தூக்கும் இலகுவைப் பார்த்தால் அவை தங்கமில்லை என்பது தெரிந்துவிடுகிறது, அதை மன்னித்துவிடலாம். தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலையாக மாறாமல் வெப்பமாகவே உடலுக்குள் தங்குகிறது. ஆகவே சுமையோடு நடப்பவரை வெயில் வெளியிலிருந்து சுடுகிறது என்றால், அவருடைய தசைகள் உள்ளிருந்து சுடுகின்றன. இளைஞர்களும் நல்ல உடல்வலு உள்ளவர்களும் வெப்பத்தாக்கத்தில், அதாவது ஹீட் ஸ்ட்ரோக்கில், விழுவதற்கு இதுவே காரணம். வெயில் முதியவர்களை மட்டுமே வீழ்த்தும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது.

கதை நடக்கும் இடமும் சாதாரணமானதன்று. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வந்ததே தங்கம் தேடிப் போனவர்களால்தான். 1849இல் கலிஃபோர்னியத் தங்க வயல்களுக்குக் குறுக்குவழி தேடிய சில குழுக்கள் அதற்குள் சிக்கிக்கொண்டன. தண்ணீருக்குத் தவித்தார்கள், வண்டிகளை உடைத்து எரித்தார்கள், இழுத்துவந்த எருதுகளையே அறுத்து உண்டார்கள். மான்லி, ரோஜர்ஸ் என்ற இரு இளைஞர்கள் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்து சென்று உணவோடு திரும்பி வந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவர்களுள் பெரும்பாலோர் உயிரோடு வெளியேறியதற்கு, ஒரு மருத்துவனாக எனக்குத் தெரியும் காரணங்கள் இரண்டு: அது குளிர்காலம், சுமையைக் கழித்துவிட்டு நடந்தார்கள். ஃபார்வெல்லும் தங்கக் கட்டிகளை ஒவ்வொன்றாக வழியில் போட்டுவிட்டுத்தான் போகிறார். ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பயிற்சி மருத்துவர்கள் சிரித்துக்கொண்டே கவனிப்பார்கள். இந்த இருவரும் நூறாண்டுகள் நிழலில் படுத்திருந்துவிட்டு நேராக வெயிலுக்கு வந்தவர்கள். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். அந்த நாள்களில்தான் இரத்தத்தின் நீரளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. கட்டடப் பணியிடங்களிலிருந்து எங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்து சில நாள்களே ஆனவர்கள், அல்லது ஊருக்குப் போய் நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பியவர்கள் என்பதைக் கேட்டுப் பார்த்தபோதுதான் இதன் பொருள் எனக்கே முழுமையாக உறைத்தது. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிச் செல்ல வேண்டும் என்பது தொழில்நலத் துறையில் ஏற்கப்பட்ட நெறி. மேஸ்திரிகளிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வருகிறது.

ஃபார்வெல் தன் தண்ணீர்க் குடுவையைத் தொலைத்துவிடுகிறார். ஒரு மிடறுக்கு ஒரு தங்கக் கட்டி என்று டி குரூஸ் விலை வைக்கிறார். பிறகு அது இரண்டு கட்டியாகிறது. இங்கே பார்வையாளர்கள் பேராசையைப் பார்க்கிறார்கள். நான் அளவைப் பார்க்கிறேன். அந்த வெயிலில் சுமையோடு நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வியர்வை போகும்; வறண்ட காற்றில் அது உடனே ஆவியாகிவிடுவதால், போவதே தெரியாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதால், உயிர் காப்பது அந்த ஆவியாதல்தான். நம் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சொட்டிப் போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மிடறு மிடறாகக் குடித்துத் தண்ணீரைச் சேமிக்கலாம் என்ற எண்ணமும் பிழையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியல் அறிஞரின் குழு, இதே கலிஃபோர்னியப் பாலைவனப் பகுதியில் போர்வீரர்களை ஆராய்ந்து, குறைவாகக் குடிப்பதால் வியர்ப்பது குறைவதில்லை என்று காட்டியது. தண்ணீர் குறைவாக இருந்தால் சிக்கனப்படுத்த வேண்டியது உழைப்பை: பகலில் நிழலில் படுத்திருந்து, இரவில் நடக்க வேண்டும். இருபது கட்டி தங்கம் கொடுத்து வாங்கியிருந்தாலும், நண்பகலில் சுமையோடு நடந்துகொண்டிருக்கும் வரை அந்த மிடறுகள் ஃபார்வெல்லைக் காப்பாற்றியிருக்காது.

பொறுக்க முடியாத கட்டத்தில் ஃபார்வெல் தங்கக் கட்டியாலேயே டி குரூஸை அடித்துக் கொன்றுவிடுகிறார். கதாசிரியர் இதை அறத்தின் சரிவாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று எரிச்சல்பட்டு, வாய் குழறி, தள்ளாடி, சம்பந்தமில்லாமல் சண்டையிட்டால், அதை மூளையின் குரலாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அறிவு நிலையும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பழைய பாடநூலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உழைப்பால் வரும் வகையில் உடல் நனைந்தே இருக்கலாம். ஒரு முறை, சாலைப் பணியிலிருந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் குடிபோதை என்று எண்ணி உடன் வேலை செய்தவர்கள் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர்கள் படுக்க வைத்த இடத்தில் நிழலில்லை. எங்களிடம் வந்தபோது மலக்குடல் வெப்பமானி 41.8 காட்டியது. மது அருந்தும் வழக்கமே அவருக்கு இல்லை என்பது மனைவி வந்த பிறகுதான் தெரிந்தது.

இனி அந்த முடிவு. சாய்ந்து கிடக்கும் ஃபார்வெல்லின் அருகில் வருங்காலத்து வண்டி ஒன்று நிற்கிறது. இறங்கி வந்தவரிடம் தங்கத்தை நீட்டித் தண்ணீரும் ஊர்வரை ஓர் இடமும் கேட்டபடியே அவர் இறந்துவிடுகிறார். ஒரு காலத்தில் தங்கத்துக்கு மதிப்பிருந்ததல்லவா என்று இறங்கி வந்தவரின் மனைவி கேட்க, அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு இருந்தது என்கிறார் அந்த மனிதர். அறையில் எல்லாரும் சத்தமாக மூச்சுவிடும் இடம் இது. நான் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, வண்டி நின்ற நொடியில் நிறுத்தி, "நீங்கள் அந்த வண்டியில் வந்திருந்தால்?" என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் தண்ணீர் கொடுப்போம் என்பார்கள்.

அரை நினைவில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிக அதிகமாக நிகழ்வது. அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய், வெப்பத்திலிருந்து பிழைத்தவர் நிமோனியாவோடு போராடியதையும் பார்த்திருக்கிறேன். நல்ல நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மட்டும் தண்ணீர், உப்பிட்ட மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கலாம். மற்றவருக்கு முதலில் வேண்டியது குளிர்விப்பு: நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஆடையைத் தளர்த்தி, கழுத்து முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி, ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பணியிடத்தில் தண்ணீர்த் தொட்டியோ பெரிய அண்டாவோ இருந்தால், தலை மூழ்காமல் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கழுத்து வரை அதிலேயே அமர்த்துவது இன்னும் நல்லது. 108க்கு ஒருவர் அழைக்கட்டும். ஆனால் ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பு நிற்கக் கூடாது, ஏனெனில் முதல் அரை மணி நேரத்தில் வெப்பநிலை இறங்குகிறதா என்பதைப் பொறுத்தே மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் தப்புகின்றன. பாரசிட்டமால் இதற்கு உதவாது. கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலில்தான் அதற்கு வேலை உண்டு, இங்கே அது ஏற்கெனவே வதங்கிய கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

அந்தச் சாலைப் பணியாளரின் சிறுநீர் இரண்டு நாள் கட்டங்காப்பி நிறத்தில் போனது. சிதைந்த தசைகளின் புரதம் அது. சிறுநீரகம் தேற மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. மூன்றாம் நாள் நினைவு தெளிந்தபோது, தனக்கு என்ன நேர்ந்தது என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. விழுந்த நாளில் மதியம் வரை செய்த வேலைக்கு அரைநாள் கூலியாவது போட்டிருப்பார்களா என்று விசாரித்து வரும்படி மனைவியை அனுப்பினார்.