‘படிக இரவு’ என்று எழுதலாமா?

ஹிட்லர் காலத்து ஜெர்மனியைப் பற்றித் தமிழில் எழுதும்போது 1938 நவம்பரில் யூதர்கள் மீது நடந்த தாக்குதலைச் சிலர் ‘படிக இரவு’ என்கிறார்கள், சிலர் ‘உடைந்த கண்ணாடிகளின் இரவு’ என்கிறார்கள். இரண்டும் கிறிஸ்டல்நஃட் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தவை. நஃட் என்றால் இரவு. (அந்த ஒலிக்கு ‘க்’ பொருந்தாது, ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தம்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, அதனால் இப்படி எழுதுகிறேன்.) கிறிஸ்டல் என்பது ஒளிரும் படிகக்கல்லையும் குறிக்கும், பணக்கார வீட்டுச் சரவிளக்கில் தொங்கும் உயர்ரகக் கண்ணாடியையும் குறிக்கும். சொல்லைக் கேட்டவுடன் மனதில் மினுமினுப்பு வருகிறதல்லவா, சிக்கலே அதுதான்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1938 அக்டோபர் கடைசியில், ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் சுமார் 17,000 பேரைப் பிடித்து எல்லைக்குத் துரத்தினார்கள், போலந்தும் அவர்களை எளிதில் உள்ளே விடவில்லை. அப்படி நடுத்தெருவில் நின்றவர்களில் ஒரு குடும்பத்தின் மகன் ஹெர்ஷல் கிரின்ஷ்பான், வயது 17, அப்போது பாரிஸில் இருந்தான். சேதி தெரிந்து கொதித்துப்போய் நவம்பர் 7 அன்று அங்கிருந்த ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் ஒரு அதிகாரியைச் சுட்டான். அவர் 9ஆம் தேதி இறந்தார். நாஜித் தலைவர்கள் எல்லோரும் அன்று மாலை ஆண்டுதோறும் நடக்கும் ஒரு நினைவுக் கூட்டத்துக்காக மியூனிக்கில் கூடியிருந்தார்கள், பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார், அவ்வளவுதான், அன்றிரவே நாடு முழுக்கத் தாக்குதல் தொடங்கிவிட்டது.

‘மக்கள் கோபத்தில் பொங்கிவிட்டார்கள்’ என்பது அரசு சொன்ன கதை. ஆனால் நள்ளிரவு தாண்டி 1.20 மணிக்குப் பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிஷ் காவல்துறைக்கு அனுப்பிய தந்தி இன்றும் இருக்கிறது. பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாது என்றால் மட்டும் யூதர்களின் ஜெப ஆலயங்களை எரிக்கலாம், கடைகளை உடைக்கலாம் ஆனால் கொள்ளையடிக்கக் கூடாது, சிறையில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறதோ அத்தனை யூதர்களைப் பிடியுங்கள், குறிப்பாக வசதியானவர்களையும் வயதாகாத நல்ல உடல்நலமுள்ள ஆண்களையும். பொங்கி எழுந்த கூட்டத்துக்கு யாராவது இவ்வளவு கவனமாக விதிமுறை எழுதித் தருவார்களா?

சுமார் 1,400 ஜெப ஆலயங்கள் எரிந்தன அல்லது சிதைந்தன, கடைகள் ஏறக்குறைய 7,500. சுமார் 30,000 ஆண்களை டாஹவ், புஹன்வால்ட், ஸாக்ஸன்ஹவுஸன் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அரசின் கணக்கில் செத்தவர்கள் 91 பேர். முகாமில் செத்தவர்களையும் தாங்களே உயிரை விட்டவர்களையும் சேர்த்தால் அது பல நூறு.

அப்புறம் அந்தக் கண்ணாடி. 12ஆம் தேதி, நாஜி அரசில் பொருளாதாரப் பொறுப்பிலிருந்த கோரிங் கூட்டிய கூட்டத்தில் காப்பீட்டு நிறுவனங்களின் சார்பாக வந்தவர் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்: கடைமுகப்பில் இருந்த பெரிய கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்து வருபவை, திரும்ப வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். கோரிங்குக்கு ஆத்திரம். இவ்வளவு பொருளை நாசமாக்கியதற்குப் பதில் 200 யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்றார். அன்றே யூதர்கள் மீது 100 கோடி மார்க் தண்டம் விதித்தார்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய காப்பீட்டுப் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது, உடைந்த கடைகளை உடைபட்டவர்களே தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஓர் ஆணையும் வந்தது. அந்த ஆணைக்கு வைத்த பெயர், யூத வணிக நிலையங்களின் ‘தெருத் தோற்றத்தை மீட்டமைத்தல்’.

கிறிஸ்டல்நஃட் என்ற பெயர் பெர்லின்காரர்கள் வாயில் பிறந்தது என்பார்கள். அதற்கு முன்னால் ‘ரைஷ்’ (ஜெர்மன் பேரரசு) என்று சேர்த்து, அரசுக்காரர்களின் ஆடம்பரப் பெயர்சூட்டலைக் குத்திக்காட்டச் சொன்னதாகவும் ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் 1939 ஜூனில் லூனெபுர்க்கில் ஒரு நாஜிக் கட்சிக்காரரே மேடையேறி இச்சொல்லைச் சொன்னபோது கூட்டம் சிரித்துக் கைதட்டியது. யார் சொன்னாலும் இந்தப் பெயரில் கண்ணாடி இருக்கிறது, மனிதர் இல்லை. 1980களிலிருந்து ஜெர்மனியிலேயே பலர் இதைக் கைவிட்டு ‘நவம்பர் பொக்ரோம்’ என்று எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

பொக்ரோம் ரஷ்யச் சொல். க்ரோம் என்றால் இடி, க்ரொமீத் என்றால் இடித்து நொறுக்குவது. நம் மொழியிலும் வானத்தில் இடிப்பதும் வீட்டை இடிப்பதும் ஒரே சொல்தானே, அதனால் தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்ஸாண்டர் கொல்லப்பட்டதும் பழியை யூதர் தலையில் போட்டு ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் அடித்து நொறுக்கினார்கள், 1903 ஈஸ்டர் நாளில் கிஷினெவ் நகரில் 49 யூதர்களைக் கொன்றார்கள். முதல் உலகப் போருக்கு முன்பே இந்தச் சொல் பல மொழிகளுக்குப் போய்விட்டது இப்படித்தான்.

தமிழில் இதற்குக் ‘கலவரம்’ என்று போடுவது தவறு, இதை நான் அழுத்தியே சொல்கிறேன். கலவரம் என்றால் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டதாகப் பொருள் வந்துவிடும். 1983 ஜூலையில் இலங்கையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப்போய் எரித்ததைக்கூட நாமே இன்னும் ‘83 கலவரம்’ என்கிறோம். ‘இனப்படுகொலை’ என்றும் போட முடியாது, அது ஓர் இனத்தையே அழிக்க முனைவதற்கான சொல், யூதர்களுக்குப் போர்க்காலத்தில் நடந்ததற்கு அது வேண்டும்.

என் தேர்வு ‘இனச்சூறை’. சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்று, கொள்ளையும் அதுதான். ரஷ்யச் சொல்லில் இடி இருப்பதுபோல இதில் காற்று இருக்கிறது. சூறை என்றால் பொருள் மட்டும்தானே போகிறது, உயிர் எங்கே என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான், ஆனால் முன்னால் நிற்கும் ‘இனம்’ யாரைக் குறிவைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. புதுச்சொல் பிடிக்கவில்லையா, ‘இனவெறித் தாக்குதல்’ என்றே எழுதுங்கள். பழைய பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில், “கிறிஸ்டல்நஃட் என்று அழைக்கப்பட்ட 1938 நவம்பர் இனச்சூறை” என்று முழுதாக எழுதினால் போதும், படிகமும் வேண்டாம், பளிங்கும் வேண்டாம்.