டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்: பெயரும் பொருளும் தமிழும்

மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றி எங்கே படித்தாலும் ‘டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்’ என்ற நீளமான பெயர் வந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கலைச்சொற்களைக் கொண்டு இதைத் தமிழாக்கினால் ‘இருஹைட்ரோஃபோலேட் ஒடுக்க நொதி’ என்று வரும். சொல் சரிதான். ஆனால் ‘ஒடுக்க நொதி’ என்றதும் புற்றுநோயை ஒடுக்குகிற ஏதோ நல்ல பொருள் என்று நினைக்கத் தோன்றுகிறது. நடப்பது இதற்கு நேர் எதிர். கட்டி வளர இந்த நொதி வேண்டும். மருந்து தோற்பதிலும் பல நேரங்களில் இதற்குப் பங்கு உண்டு. அதனால் இந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் நொதி, அதாவது உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். ‘என்சைம்’ என்ற சொல்லை 1870களில் உருவாக்கியவர் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே. ‘சைமே’ என்றால் மாவைப் புளிக்கவைக்கும் பொருள். தமிழில் நொதித்தல் என்பதிலிருந்து நொதி வந்தது. இலங்கைப் பாடநூல்களில் இது நொதியம். இரண்டும் நல்ல சொற்கள். நொதிகளின் பெயர்க் கடைசியில் வரும் ‘-ஏஸ்’ 1833இல் பிரான்ஸில் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து பிரித்தெடுத்த ‘டயஸ்டேஸ்’ என்ற பெயரின் வால்.

அடுத்தது ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றில் அதைக் குணப்படுத்தும் ஏதோ ஒரு சத்து இருப்பதைக் கண்டார். 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்நெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘ஃபோலியம்’ என்பதை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இதைத் தமிழாக்கி ‘இலை அமிலம்’ என்று எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரை வழியாக ஃபோலிக் ஆசிட் என்ற பெயர் ஊரெல்லாம் பழகிவிட்டது.

சிக்கல் முழுவதும் ‘ரிடக்டேஸ்’ என்பதில்தான். லத்தீனில் ‘ரெடூக்கேரே’ என்றால் திரும்பக் கொண்டுவருதல். தாதுவிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கி உலோகத்தை மீட்பதற்கு அதிலிருந்து ‘ரிடக்ஷன்’ என்ற பெயர் வந்தது. பிற்பாடு ஹைட்ரஜனையோ எலெக்ட்ரானையோ பெறுவதெல்லாம் இதே பெயரில் அடங்கியது. தமிழ்நாட்டில் இதை ஒடுக்கம் என்கிறோம், இலங்கையில் தாழ்த்தல் என்கிறார்கள். ஆக, இங்கே ஒடுக்குதல் என்றால் அடக்குவது அல்ல, ஹைட்ரஜன் ஏற்றுவது. டைஹைட்ரோஃபோலேட்டில் ஃபோலேட்டைவிட இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதல். இந்த நொதி இன்னும் இரண்டை ஏற்றி டெட்ராஹைட்ரோஃபோலேட் ஆக்குகிறது. பெயரில் உள்ள வேதியியல் அவ்வளவுதான்.

அந்த இரண்டு அணுக்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின். அதை உண்டாக்க ஒரு கார்பன் அணுவைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுமந்துவருவது டெட்ராஹைட்ரோஃபோலேட். கார்பனைக் கொடுத்து முடித்ததும் அது மறுபடி டைஹைட்ரோஃபோலேட் ஆகிவிடுகிறது. அதைத் திரும்பப் பயனுள்ள வடிவத்துக்குக் கொண்டுவருவது நம் நொதியின் வேலை. நொதி நின்றால் தைமின் தீரும். தைமின் இல்லாத செல்லால் டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாது, பிரியவும் முடியாது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்றுசெல்லுக்கு இது பெரிய அடி. எலும்பு மஜ்ஜையும் வாயின் உட்படலமும்கூட வேகமாகப் பிரியும் செல்களால் ஆனவை. கீமோ எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் வருவதும் இரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான்.

இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளின் கதையில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். அக்குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது; பிறகு அதே உருவத்தில், ஆனால் வேலைக்கு உதவாத மூலக்கூறுகளையும் செய்தது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் கடும் இரத்தப்புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 1948இல் வெளியிட்டார். அது தற்காலிக முன்னேற்றம்தான். நோய் திரும்பி வந்தது. ஆனாலும் இரத்தப்புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார். தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும்.

அமினாப்டெரினுக்கு அடுத்து வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். நொதியின் பிடியில் இது ஃபோலேட்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் இதைக் கொண்டு கோரியோகார்சினோமா என்ற, நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயைக் குணப்படுத்தினார்கள்.

அப்புறம் மருந்து ஏன் தோற்கிறது? 1976இல் ஜூன் பீட்லரும் பார்பரா ஸ்பெங்லரும், இவ்வகை மருந்துக்கு அடங்காத வெள்ளெலிச் செல்களின் குரோமோசோம்களில் ஒரே சீராகச் சாயமேறும் நீண்ட பகுதிகளைக் கண்டார்கள். 1978இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கேயின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி வளர்த்த எலிப் புற்றுசெல்களில் இந்த நொதிக்கான மரபணு ஏறத்தாழ 200 மடங்கு பெருகியிருந்தது. மரபணு பெருகினால் நொதியும் பெருகும். உள்ளே வரும் மருந்தையெல்லாம் பிடித்துக்கொண்ட பிறகும் வேலை செய்யப் போதுமான நொதி மிஞ்சும். இதற்கு மரபணுப் பெருக்கம் என்று பெயர். கூடுதல் பிரதிகள் சில செல்களில் குரோமோசோமுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வேறு சிலவற்றில் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) இல்லாத குட்டித் துண்டுகளாகத் தனியே திரிகின்றன. அப்படித் திரிபவை, செல் பிரியும்போது இரண்டு பக்கமும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. மருந்தை நிறுத்தினால் நாளடைவில் தொலைந்தும் போகின்றன.

நோயாளிகளிடம் இந்தப் பெருக்கம் ஆய்வகத்தில் பார்த்த அளவுக்கு இருப்பதில்லை. அவர்களிடம் வேறு வழிகளும் உண்டு. மருந்தை உள்ளே கொண்டுவரும் கடத்துப் புரதம் குறையலாம். மருந்தைச் செல்லுக்குள் பிடித்துவைக்கும் குளுட்டமேட் வால் சரியாக ஒட்டாமல் போகலாம். நொதியின் வடிவமே மரபணுவில் நேரும் திடீர் மாற்றத்தால் மாறி, மருந்து அதில் சரியாகப் பொருந்தாமல் விடலாம். ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

சொல்லுக்குத் திரும்புவோம். ஆர்.பி. என்ற மரபணு செல் பிரிவுக்குக் கடிவாளம் போடுவது. அதை ‘கட்டி ஒடுக்கி மரபணு’ என்கிறோம். அது கெட்டுப்போனால் நம் நொதியின் உற்பத்தி கூடலாம். இதை அப்படியே எழுதினால் ‘கட்டி ஒடுக்கி கெட்டால் ஒடுக்க நொதி கூடும்’ என்று வரும். படிப்பவருக்கு என்ன புரியும்? ஆகவே ரிடக்டேஸை ‘ஒடுக்கி’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது. ஒடுக்கியை அடக்கும் பொருளுக்கே விட்டுவிடலாம். வேதியியல் பாடத்தில் ‘ஒடுக்க நொதி’ இருக்கட்டும். பொது வாசகருக்கு எழுதும்போது முதல் முறை ‘ஃபோலேட்டில் ஹைட்ரஜன் ஏற்றும் நொதி’ என்று விளக்கிவிட்டு, பிறகு ‘ஃபோலேட் ரிடக்டேஸ்’ என்றே தொடரலாம். ‘ஹைட்ரஜனேற்ற நொதி’ என்று சுருக்க வேண்டாம், ஹைட்ரஜனேஸ் என்று வேறொரு நொதி இருக்கிறது.

‘மருந்து எதிர்ப்பு’ என்ற தொடரிலும் இதே கவனம் வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மருந்து எதிர்ப்பு என்றால் நோயாளியின் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்று படும். வீட்டாரும் ‘உடம்பு ஒத்துழைக்கவில்லை’ என்று நோயாளியிடமே சொல்லிவிடக்கூடும். எதிர்ப்பது புற்றுசெல். ‘புற்றுசெல்லின் மருந்து எதிர்ப்பு’ என்று முழுதாக எழுதினால் இந்தக் குழப்பம் வராது. பேச்சில் ‘கட்டி மருந்துக்கு மசியவில்லை’ என்றால் போதும்.