'முடிந்தவரை' என்பது எத்தனை சென்டிமீட்டர்?

நினைவில்லங்களாகிவிட்ட பழைய வீடுகளுக்கு மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வழிசெய்து தருவது என் வேலை. "பாரம்பரியக் கட்டடம், கை வைக்க முடியாது" என்ற பதில்தான் எங்கே போனாலும் முதலில் காதில் விழும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவே, நினைவுச்சின்னங்களைப் பற்றிச் சொல்லும்போது 'முடிந்தவரை' என்றுதான் சொல்கிறது. சரி, எதுவரை முடியும் என்று டேப் வைத்து அளந்து பார்த்தீர்களா?

வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் என்று வையுங்கள். மொத்தம் 45. சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் விகிதம் 1:12; அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். அப்படியென்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்ப 1.5 மீட்டர் வேறு. இந்தக் கணக்கே போடாமல், இருக்கிற இடத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் பூசிவிடுகிறார்கள். அப்படி ஒன்றில் ஏறிய பெண்ணின் நாற்காலி பின்பக்கம் சாய்ந்ததை நேரில் பார்த்தேன். நல்லவேளை, காவலாளி பிடித்துக்கொண்டார். பிறகு அந்தச் சிமென்டைப் பெயர்த்தபோது பழைய கல்லும் சேர்ந்து உடைந்து வந்தது. கழற்றி எடுக்கக்கூடிய மரச் சாய்தளம் வைத்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

இன்னொரு வீட்டில் கதவு குறுகல் என்றார்கள். போய்ப் பார்த்தால் இரட்டைக் கதவு; ஒன்று எப்போதும் தாழ்போட்டே கிடந்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வெளிச்சம் அப்படிச் சுலபமில்லை. பழைய துணிகளும் நீர்வண்ண ஓவியங்களும் வெளிறிவிடும் என்பதால் அந்த அறைகளில் சுமார் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விடமாட்டார்கள். பார்வை மங்கியவர்களுக்கு அது இருட்டு. விளக்கைக் கூட்ட முடியாது. பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து, வெளியே நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வைக்கலாம். தொட்டுப் பார்க்க எதையாவது தரலாம். பார்வையற்ற ஒருவர் மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தார். திருப்பத்தில் மரம் தேய்ந்து குழிந்திருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. "எல்லாரும் இங்கேதான் பிடிச்சிருக்காங்க" என்றார். அத்தனை முறை அந்தப் பக்கம் போயும் என் கண்ணில் அது பட்டதில்லை.

இத்தனைக்கும் மேலே, செலவே இல்லாத ஒன்று இருக்கிறது: உள்ளதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. தொலைபேசியில் கேட்டால் "வாங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். வந்தால் இரண்டு பேர் மூட்டையைப் போலத் தூக்குவார்கள். நான் பணிபுரிந்த ஒரு வீட்டில் 'மாடிக்கு 19 படிகள், லிஃப்ட் இல்லை, நடுவில் உட்கார ஒரு பெஞ்ச் உண்டு, மாடி அறைகளைக் கீழே வீடியோவில் பார்க்கலாம்' என்று எழுதிப் போட்டோம். அதைப் படித்துவிட்டு ஊன்றுகோலோடு வந்த பெரியவர் ஒருவர், "ஒரு மணி நேரம் ஒதுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.