மூலையில் கிடக்கும் வீல்சேர்: முதியவர்களைக் குறை சொல்லாதீர்கள்

போன வாரம் திருச்சி தில்லைநகர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அப்போதிலிருந்து மனசு ஆறவில்லை.

72 வயது அம்மா. ஐந்து மாதத்துக்கு முன் வலது மூளையில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சு லேசாகக் குழறும். ஞாபகமும் புத்தியும் நல்ல தெளிவு. இளைய மகன் குடும்பத்தோடு இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன், அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பியிருந்தார். மோட்டார் வீல்சேர், விழுந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் ஸ்மார்ட் வாட்ச், வாயால் சொன்னால் விளக்கு எரியும் ஸ்பீக்கர், அழுத்தினால் மகன் அறையில் அடிக்கும் வயர்லெஸ் பெல். எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம்.

ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்த அம்மா வழியில் விழுந்துவிட்டார். ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச எழுந்த மருமகள்தான் பார்த்தார். இரண்டு மணி நேரம் வெறும் தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு முறியாதது கடவுள் புண்ணியம்.

நான் போனதும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதுதான்: "இவ்வளவு வாங்கிக் கொடுத்தும் எதையும் தொட மாட்டேங்கிறாங்க மேடம். அவ்வளவு பிடிவாதம்."

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயோ விபத்தோ வந்த பிறகு ஒருவர் குளிக்க, உடுத்த, சமைக்க, நடமாட என்ன வழி என்று பார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாக வீடு வீடாகப் போகிறேன். இந்தப் 'பிடிவாதம்' என்ற வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இனி இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வர என்னால் முடியாது.

அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பெல் கட்டிலுக்கு இடது பக்க மேசையில் ஒட்டியிருந்தது. ஏன் இடது பக்கம்? பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது, விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அங்கே வைத்திருக்கிறோம், பெல்லையும் அங்கேயே வைத்தோம் என்றார்கள். வலது மூளையில் பக்கவாதம் வந்த பலருக்கு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனாலும் அந்தப் பக்கம் கவனம் போகாது. தட்டில் வலது பாதிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதி அப்படியே இருக்க, "பொரியல் வைக்கவே இல்லையே" என்பார்கள். இந்த அம்மாவும் அப்படிச் சொன்னாராம். அதையும் குறும்பு என்று நினைத்திருக்கிறார்கள். கண் முன்னாலேயே பெல் இருக்கிறது என்று மகன் சொன்னது மகனுக்குச் சரி. அம்மாவின் உலகத்தில் அந்த மேசையே இல்லை.

வாட்ச் அன்று ராத்திரி ஹாலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தினமும் சார்ஜ் போட வேண்டிய பொருளை எந்த வீட்டிலும் ராத்திரிதான் கழற்றுவார்கள். முதியவர்கள் பாத்ரூமுக்கு எழுந்து விழுவதும் அதே ராத்திரியில். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாட்ச்கள் கண்டுபிடிப்பது 'தொப்'பென்று வேகமாக விழுவதை. கட்டில் ஓரத்திலிருந்து மெல்லச் சரிந்து உட்காருவதைப் பல நேரம் கண்டுகொள்ளாது. எங்கள் நோயாளிகளில் பலர் அப்படித்தான் விழுகிறார்கள்.

ஸ்பீக்கருக்கு முதலில் அதன் ஆங்கிலப் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். குழறும் நாக்கோடு ஐந்து முறை கூப்பிட்டும் அது திரும்பவில்லை. வீட்டு மனிதர்கள் வேறு பழக்கதோஷத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். அணைத்த பிறகு யார் சொன்னாலும் விளக்கு எரியாது.

மோட்டார் வீல்சேரின் அகலம் 25 அங்குலம். பாத்ரூம் கதவு 24. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. கதவில் நுழைந்திருந்தாலும், இடது பக்கக் கவனம் இல்லாதவர் கையில் சேரை ஓட்டும் ஜாய்ஸ்டிக்கைக் கொடுப்பது ஆபத்து. ஓட்டுகிறவர் இடது பக்க நிலைக்கதவில் மோதுவார், அந்தக் கை நசுங்கினால்கூடத் தெரியாமல் இருக்கலாம். விற்றவர் இதைக் கேட்டாரா என்று விசாரித்தேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது?

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லி, பழைய நூல் புடவை ஒன்றை முறுக்கி, சாண் சாணாக முடிச்சுப் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் அம்மா கட்டி வைத்திருந்தார். வலது கையால் ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து இழுத்துத் தானே எழுந்து உட்காருவாராம். யாரும் சொல்லித் தராமல் தன் உடம்புக்குத் தானே யோசித்துச் செய்துகொண்டது. புதுப் பொருட்கள் வந்ததும், பார்க்க நன்றாக இல்லை என்று அதை அவிழ்த்துத் துவைக்கப் போட்டுவிட்டார்கள்.

பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயதானால் விரல் நுனித் தோல் வறண்டு போகும். தொடுதிரை அந்த விரலைச் சரியாக உணராது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பத் திரும்ப விரல் வைக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கை நடுங்குகிறவர் ஒரு தடவை தொட்டால் இயந்திரத்துக்கு மூன்று தடவை தொட்டதாகப் படும். வயதில் வரும் காது மந்தம் முதலில் கீச்சுக் குரலைத்தான் பறித்துக்கொள்கிறது, பெரும்பாலான கருவிகளின் 'பீப்' சத்தமோ அந்தக் கீச்சுக் குரலில்தான் இருக்கிறது. எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும், பாட்டி அமைதியாக உட்கார்ந்திருப்பார். பேரன், "காதுல வாங்கவே மாட்டாங்க" என்பான். இதற்கெல்லாம் மேல் ஒரு பயம் உண்டு. தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையின் காசு போய்விடுமே என்கிற பயம். அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "எனக்கு இதெல்லாம் வேண்டாம்பா" என்று மட்டும் சொல்வார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஃபிலிப்ஸ், ஜாவ் என்ற இருவர் உதவிக் கருவி பயன்படுத்தும் 227 பேரிடம் விசாரித்து 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்காதது. இன்னொன்று, கருவி சுலபமாகக் கிடைத்துவிடுவது. சுலபமாகக் கிடைப்பது எப்படிக் குற்றமாகும் என்று படிக்கிற காலத்தில் எனக்குப் புரியவில்லை. போனில் நாலு தட்டுத் தட்டினால் மறுநாள் வீட்டுக்கு வீல்சேர் வரும் இந்த நாளில் நன்றாகவே புரிகிறது.

கேட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1960-களில் வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் கால்களை வாங்கிச் சென்ற நம் கிராமத்து ஆட்கள் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுக் கைத்தடியோடு நடந்தார்கள். அந்தக் காலுக்கு ஷூ வேண்டும். சம்மணம் போட முடியாது, குந்தி உட்கார முடியாது. வெறுங்காலோடு கோயிலுக்குள் போக முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் குறையைக் காலில் தேடினார்கள், ஆளிடம் தேடவில்லை. ரப்பரில் வார்த்த, வெறும் பாதம் போலவே தெரிகிற, குந்தினால் வளைந்து கொடுக்கிற பாதம் அப்படித்தான் உருவானது. 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மறுபடி மேடையேறி ஆடியது அந்த ஜெய்ப்பூர் காலோடுதான்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்மார்ட் கேன்' என்ற கோல் கருவியும் அந்த வழிதான். பார்வையற்றவர்களின் வெள்ளைக் கோல் தரையில் இருப்பதை நன்றாகவே காட்டிக் கொடுக்கும். முகத்தில் இடிக்கும் மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல், லாரியின் பின்பக்கம், இவைதான் அதற்கு எட்டாது. அதனால் கோலைத் தூக்கிப் போடாமல் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் கருவியைச் செய்தார்கள். முழங்காலுக்கு மேலே எதிரில் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும்.

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வருடா வருடம் பிராஜெக்ட்டோடு என்னிடம் வருகிறீர்கள். சந்தோஷம். ஆனால் எல்லாம் செய்து முடித்து, பெட்டியில் போட்டு, "நோயாளிகளிடம் கருத்து வாங்கித் தாருங்கள் மேடம்" என்று கடைசி வாரம் வருகிறீர்கள். முதல் வாரம் வாருங்கள் கண்ணுகளா. ஒரு காகிதமும் பேனாவும் போதும். ஒரே ஒருவரோடு காலையிலிருந்து ராத்திரி வரை கூட இருந்து பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார், எதற்கு ஏற்கெனவே தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று எழுதுங்கள். என் நோயாளி ஒருவர், பார்வையில்லாத இல்லத்தரசி, தன் வாஷிங் மெஷினில் தேவையான பட்டனுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார். இன்டக்ஷன் அடுப்பில் மட்டும் அது நடக்கவில்லை. தடவிப் பார்க்கும்போதே அந்தத் தொடு பட்டன்கள் வேலை செய்துவிடுகின்றன. திருகும் குமிழ் வைத்த அடுப்பு வேண்டும் என்று கடை கடையாக அலைந்தார்.

கேமரா பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் படுக்கையறையில் பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்று கேமரா வைத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் கேமராவுக்குத் தெரியாத பீரோ இடுக்கில் போய்ப் புடவை மாற்றினார். அந்த இடுக்கில்தான் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தயவுசெய்து, பெற்றவர்கள் அறையில் கேமரா வைக்கும் முன் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வைக்காதீர்கள்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால்:

டேப் எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு கதவையும் அளந்து விடுங்கள். பாத்ரூம் கதவை இரண்டு முறை அளந்து பாருங்கள். வாசற்படி உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆளை அளக்க வேண்டும். ஒரு ரவிக்கைக்கு அத்தனை அளவு எடுக்கிறோம், நாள் முழுக்க உட்காரப் போகிற வீல்சேருக்கு ஒன்றுமே எடுப்பதில்லை. அகலமான சேரில் உடம்பு ஒரு பக்கம் சாயும். இருக்கை நீளமாக இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். முதுகு சறுக்கிச் சறுக்கிப் புண் வரும். முகாமில் இலவசமாகக் கொடுத்தாலும் சரி, அங்கேயே உட்காரவைத்துப் பார்க்காமல் வாங்கி வராதீர்கள். பொருந்தவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் பொருளை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து வீட்டில் பழக்கிப் பாருங்கள். கரண்ட் போனால் இது என்ன செய்யும், யார் ரிப்பேர் செய்வார், எப்போது சார்ஜ் போடுவது என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் எந்தப் பக்கம் வைப்பது என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். பக்கத்தில் தெரபிஸ்ட் இல்லை என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

தில்லைநகர் அம்மாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"ராத்திரி மருமகளை எழுப்பாம நானே பாத்ரூம் போயிட்டு வரணும் கண்ணு. பகல் பூரா எனக்காக ஓடறா. தூங்கட்டும்."

பெல் கண்ணில் பட்டிருந்தாலும் அவர் அடித்திருக்க மாட்டார். வந்து இறங்கியவை எல்லாம் மூத்த மகனின் கவலைக்கு வாங்கியவை. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அம்மாவின் தேவையை ஐந்து மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றே கட்டிலில் கூடுதலாகப் போட்டிருந்த ஆறு அங்குல மெத்தையை எடுத்தோம். இப்போது இரண்டு பாதமும் தரையில் படுகின்றன. புடவைக் கயிறு திரும்பக் கட்டப்பட்டது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை எட்டு அடி. ஒரு பக்கச் சுவரில் மட்டும் கைப்பிடி போதும் என்றார் மகன். போகும்போது வலது கைக்கு இருக்கும் சுவர், திரும்பும்போது இடது பக்கம் போய்விடும். அதனால் பீரோவை நகர்த்தி இரண்டு பக்கமும் போடச் சொன்னேன். தரையோரம் ஒரு சென்சார் லைட், கால் கீழே வைத்ததும் தானே எரிகிறது. அதை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பெல் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வலது பக்கம் மாறியது. ஒரு வாரம் மருமகள் பின்னாலேயே நடந்து பார்த்தார். நேற்று ராத்திரி முதல்முறையாகத் தனியாகப் போய் வந்திருக்கிறார்.

மூத்த மகன் போன் செய்து, இன்னும் என்ன வாங்கி அனுப்பட்டும் என்று கேட்டார். அம்மாவிடமே கேளுங்கள் என்று போனைக் கொடுத்தேன். பாத்ரூமுக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்றார் அம்மா. விழுந்துவிடுவார் என்று பயந்து அதைக் கழற்றி வைத்திருந்தார்களாம். உள்ளே பூட்டினாலும் அவசரத்துக்கு வெளியிலிருந்து காசு வைத்துத் திருகித் திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். சனிக்கிழமை ஆசாரி வருகிறார்.